சொல்லும் பொருளும்: அம்பயர்

கிரிக்கெட் ஆடும் நம் பிள்ளைகளின் நாவில் நாள்தோறும் பயிலும் 'அம்பயர்' என்னும் ஆங்கிலச் சொல்லை இம்மாதம் ஆராய்வோம்.

பழைய பிரெஞ்சு மொழியில் 'நோன்பேர்' என்றால் இணையாகாதவர், அதாவது ஜோடி சேராத ஒற்றை ஆள் என்று பொருள். அது ஆங்கிலத்தில் 'நௌம்பேர்' எனப் புகுந்தது. 'எ நௌம்பேர்' என்பதை மக்கள் 'ஆன் ஔம்பேர்' எனப் பிரித்து வழங்கியமையால் முதலெழுத்து முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'எ நேப்ரன்' என்பது 'ஆன் ஏப்ரன்' ஆனதும் இவ்வாறே.

இச்சொல் பிறந்த இடம் ஆடுகளம் அன்று, வழக்கே ஆகும். மத்தியஸ்தர் இருவர் கருத்து வேறுபட்டால் முடிவு கூற அழைக்கப்பெற்ற மூன்றாமவரே அம்பயர். இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டமும் இப்பொருளிலேயே இச்சொல்லை ஆண்டது. 1996-ஆம் ஆண்டுச் சட்டமோ, மத்தியஸ்தர் தொகை இரட்டைப்படையாக இருத்தலாகாது என விதித்துவிட்டது.

'நடுவர்' என்னும் நம் சொல் நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. 'அம்பயர்' சேராமையைச் சுட்டுகிறது. பிறந்த ஊரை விட்டு வந்த நமக்குள் பிணக்கு நேரின், நீதிமன்றத்துக்கு முன் பெரியவர் ஒருவரையே நாடுகிறோம். அவர் ஒரு பக்கத்தாரின் உறவினராகவோ ஊராராகவோ இருப்பின், நடுவில் அமர்ந்தாலும் ஒற்றையாகார். அத்தகையோர் தாமே எழுந்து பிறருக்கு இடம் விடுதலே முறை.