முதலாளிக்கு லீவு கொடுப்பது யார்?

விடுமுறை என்பது மாதச் சம்பளம் பெறுவோருக்கு மட்டும் உரிய சொல் என்றே எமது குடாநாட்டில் கருதப்படுகின்றது. ஆசிரியருக்கு உண்டு, வங்கி ஊழியருக்கு உண்டு. கடையில் வேலைக்கு நிற்கும் பிள்ளைக்கும் சட்டப்படி உண்டு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வையும் வருடத்திற்கு 14 நாள் சம்பளத்துடனான லீவையும் அவர்களுக்கு உரித்தாக்கியுள்ளது. எத்தனை கடைகளில் அது ஒழுங்காகக் கொடுபடுகின்றது என்பது வேறு கதை. ஆனால் கடைக்காரருக்கும் அவருடைய மனைவி பிள்ளைகளுக்கும் எந்தச் சட்டமும் லீவு கொடுப்பதில்லை.

பாடசாலைகளுக்கு வழமையாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுமுறை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு வியாபாரம். ஓகஸ்டை ஒட்டி நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். 15ஆம் திகதி மடுமாதா திருவிழா. வெளிநாட்டு உறவுகள் வந்திறங்குவதும் அப்போதுதான். டிசம்பரில் நத்தாரும் புதுவருடமும். பிள்ளைகள் வீட்டில் நிற்கும் மாதங்களே பெற்றோர் கடையில் நிற்க வேண்டிய மாதங்களாக அமைந்துவிட்டன. புடவைக்கடை, பேக்கரி, தையல், பலகாரம் செய்யும் சுயதொழில், முச்சக்கரவண்டி எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சானின் பிள்ளைகள் கசூரினாக் கடற்கரையில் குளிக்கிறார்கள். கடைக்காரரின் பிள்ளைகள் சாமான் நிறுத்துக் கொடுக்கிறார்கள்.

நான்கு நாள் கடையைப் பூட்டினால் என்ன என்று கேட்பது எளிது. சம்பளக்காரர்தான் அப்படிக் கேட்பார். கிராமத்துப் பலசரக்குக் கடை கொப்பியில் ஓடுவது. கடனுக்கு வாங்குபவர் பூட்டிய கதவைக் கண்டதும் அடுத்த கடையில் புதுக்கொப்பி திறப்பார். பழைய கொப்பியின் பாக்கியும் அத்தோடு போய்விடும். கடன் தவணைக்கு வருபவரோ கடை பூட்டியிருக்கிறதென்று தவணையைத் தள்ளிவைக்க மாட்டார். ஆகவே பிரச்சினை கடைக்காரரின் பேராசை அன்று. தனியொருவர் பூட்டினால் நட்டம் அவருக்கு மட்டுமே என்பதுதான் பிரச்சினை.

எமது முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். புங்குடுதீவு, காரைநகர் போன்ற ஊர்களிலிருந்து தென்னிலங்கைக்குச் சென்று கடை நடத்தியோரிடையே, பங்காளிகளில் ஒருவர் ஊரில் நிற்கும்போது மற்றவர் கடையைப் பார்ப்பது வழக்கம். அந்த வாழ்வைப் பெருமையாகவே பேசுகிறோம். திருவிழாவுக்கு வந்துபோகும் ஒரு விருந்தாளியாகவே தகப்பனை அறிந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1983 ஜூலையில் அந்தக் கடைகளிற் பல எரிந்தன. கடை போனது, பிள்ளைகளோடு இராத அந்த வருடங்களும் திரும்பி வரவில்லை. எனினும் முறைவைத்து ஊருக்கு வந்த அந்த ஒழுங்கை நாம் இன்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி கடற்கரையில் உண்டு. எமது கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாதிருப்பது நீண்டகால வழக்கம். அது நிலைப்பதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. ஒருவரும் போகாதபடியால் ஒருவருடைய மீனை மற்றவர் பிடிக்கப் போவதில்லை. போயா தினத்தில் சாராயக் கடைகளும் இறைச்சிக் கடைகளும் பூட்டப்படுவதும் அதே மாதிரிதான்; எல்லாருக்கும் ஒன்றாகப் பூட்டு என்பதால் எவரும் வாடிக்கையை இழப்பதில்லை. சாராயம் விற்பவருக்கு மாதம் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கின்றது, அரிசி விற்பவருக்கு அதுவும் இல்லை!

கடை பூட்டுவதென்றால் எமது சனத்திற்கு ஒரு பயமும் இருக்கின்றது. அது நியாயமானது. ஹர்த்தால், ஊரடங்கு, 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு, பின்பு 2020இல் கொரோனா என்று எமது கடைகள் பூட்டிய நாட்களெல்லாம் துக்கத்தின் நாட்களாகவே இருந்தன. பூட்டிய கடையைத் திரும்பத் திறக்கும்போது கூரையே இல்லாதிருந்ததைக் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே உள்ளனர். அவர்களிடம் போய் மனமகிழ்வுக்காகக் கடையைப் பூட்டுங்கள் என்று சொல்வது இலேசான காரியமல்ல.

மனைவிமாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றியதை வாசித்தால் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வீட்டிலிருக்கும் அந்நியன் எல்லாரும் அதில் வருகின்றனர். மனைவி தனியே வரவில்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் அவளும் அடக்கம் என்று விளக்கம் தருவோர் உளர். எமது வீடுகளில் அவள் அதற்குள் அடங்குவதாகத் தெரியவில்லை. குடும்பமாகக் கீரிமலைக்கோ நெடுந்தீவுக்கோ போகும் நாளில் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிக் கட்டுச்சோறு கட்டுபவள் அவள்தான். மாட்டில் பால் கறந்து வைத்துவிட்டுப் போவதும் அவள்தான். அன்று சாப்பாட்டைக் கடையில் வாங்கினால் குடும்ப கௌரவம் குறைந்துவிடாது.

ஆகவே செய்யக்கூடியது என்ன? ஒரு சந்தியில் ஐந்து கடை இருந்தால் ஐந்து முதலாளிமாரும் கூடிப் பேச வேண்டும். ஞாயிறு பிற்பகல் ஐந்து கடையும் பூட்டு. அந்த நேரத்திற்கு ரியூஷன் வைப்பதில்லை என்று பெற்றோரும் உடன்பட வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வீட்டிலிருப்பார், பிள்ளை கொட்டிலில் இருக்கும். பாடசாலை விடுமுறை ஒவ்வொன்றிலும் ஒருவர் அல்லது இருவர் முறைவைத்து நான்கு நாள் பூட்டலாம். அந்த நாட்களில் அவருடைய வாடிக்கையாளருக்கு மற்றவர்கள் காசுக்கு மட்டும் விற்பது, கொப்பி திறப்பதில்லை. இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு. இதற்குப் பங்குச் சபையோ மாதர் சங்கமோ சாட்சியாக நிற்கலாம். கோயில் அறங்காவலர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனெனில் சந்தியிலுள்ள கடைகள் ஒரு சமயத்தாருடையவை மட்டுமல்ல. பால்மாடு வைத்திருப்போர் அயலவரோடு மாறிமாறிக் கறப்பதற்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

முதலில் எந்தக் குடும்பம் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்க்கலாம். எமது சனம் சீட்டுப் பிடித்துப் பழகியவர்கள்தானே.