மீன் ஆராய்ச்சி வீண்செலவு அல்ல!

மீனின் சினைமுட்டை எப்படி முதிர்கிறது என்று ஆராய அரசுப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள், அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் நடந்ததை அறிய வேண்டும்.

அங்கே போர்ட் அரன்சாஸ் என்ற சிற்றூரில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் நிறுவனத்தில் பீட்டர் தாமஸ் குழுவினர் ஆராய்ந்தது, நம் சந்தைகளில் கத்தாளை என்று விற்கும் மீன்களின் குடும்பத்தை. சினைமுட்டையின் மீது ஹார்மோன் பட்டதும், நடுவிலுள்ள உட்கரு விளிம்புக்கு நகர்ந்து கரைவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஸ்டீராய்டு ஹார்மோன் செல்லுக்குள் புகுந்து, உட்கருவில் மரபணுக்களை இயக்கும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. இந்த முட்டைகளிலோ சில நிமிடங்களிலேயே மாற்றம் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் செல்லின் வெளிச்சவ்விலேயே ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி இருந்தாக வேண்டும். 2003இல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்த ஏற்பியின் குடும்பத்து மரபணுக்கள் மனிதரிடமும் இருந்தன. சில ஆய்வகங்கள் இதை ஏற்கவில்லை; விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

2014இல் இன்னொன்று. துத்தநாகத்தைக் கடத்தும் ‘ஜிப்9’ என்ற புரதம், டெஸ்டோஸ்டிரோனுக்கு ஏற்பியாகவும் வேலை செய்வதை அதே குழு காட்டியது. அதுவும் மீனின் சினைப்பையில் கிடைத்ததுதான். மனிதரின் மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் இந்த ஏற்பியை டெஸ்டோஸ்டிரோன் தூண்டியபோது அந்தச் செல்கள் மடிந்தன. இது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கண்டது. நோயாளிக்கான மருந்தாவதற்கு நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால், எதைத் தாக்க வேண்டும் என்று தெரியாமல் எந்த மருந்தும் பிறக்காது. ‘புற்றுநோய்க்குப் பயன்படுமா?’ என்று முதல் நாளே கேட்டிருந்தால், முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆய்வகத்துக்கு நிதியே கிடைத்திருக்காது.

நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் நீந்தும் வரிக்குதிரை மீன், இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளைச் சேர்ந்தது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு அதனிடம் இணை உண்டு என்று 2013இல் உறுதியானது. இத்தனை செல்வம் கையிலிருந்தும், 2020-21இல் நம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் சென்றது 0.64 விழுக்காடுதான்.

மீன் ஆய்வு வேளாண் துறையிடமும் மருத்துவ ஆய்வு சுகாதாரத் துறையிடமும் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் பொதுவான நிதித் திட்டம் ஒன்றை மத்திய அரசு உருவாக்க வேண்டும். உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல், அடிப்படை ஆய்வுகளுக்கு அதில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.