சுக்கானை யார் பிடிப்பது?

யாட் என்றதும் நம் மனசில் வருவது சினிமா வில்லன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் மிதக்கும் மாளிகை. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ரிட்டயர் ஆன தம்பதிகள் வைத்திருக்கும் மோட்டார் யாட் அந்த ரகம் இல்லை. நாற்பது அடி நீளம், ஒரே ஒரு டீசல் எஞ்சின், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்பு, நின்றால் தோள் இடிக்கும் ஒரு பாத்ரூம். நம் ஊர் சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட்டைத் தண்ணீரில் விட்ட மாதிரி. மீன் பிடிக்காவிட்டாலும் அதற்கு டிராலர் என்றுதான் பெயர். வேகம் ஏழு நாட், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். அவசரமாக சைக்கிள் மிதிக்கிறவர் முந்திவிடுவார்.

இந்தப் படகில் இரண்டே பேராக வாரக்கணக்கில், சிலர் கோடை முழுக்கவும், கரையோரமாகவே அலாஸ்கா வரை போய்த் திரும்புகிறார்கள். அறுபத்தைந்து, எழுபது, எழுபத்தைந்து வயதுக்காரர்கள். பார்த்தால் பொறாமையாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் இந்தப் பயணங்களைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. இருவருக்கும் படகைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரத் தெரியவில்லை என்றால், பணம், உடம்பு, ஆசை எல்லாம் இருந்தாலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். முப்பத்தொரு வருஷம் இழுவைப் படகுகளின் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். போதாததற்கு என் மருமகனின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டிராலர் வைத்திருக்கிறார். நான் டீசல் ஆசாமி என்று தெரிந்ததும், "வருகிறீர்களா?" என்றார். அவருக்கு 74, அவர் மனைவிக்கு 71. வாஷிங்டன் மாநிலத்து அனகோர்டஸில் ஏறி, அலாஸ்காவின் கெட்சிகனில் இறங்கி விமானத்தில் திரும்பினேன். இருபத்துநான்கு நாள். கனடா விசா வாங்கப் பட்ட பாடு தனிக் கதை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அந்தப் பாதைக்கு இன்சைட் பாசேஜ் என்று பெயர். சியாட்டில் பக்கத்தில் தொடங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரை வழியாக அலாஸ்காவின் ஸ்காக்வே வரை சுமார் ஆயிரம் மைல். வான்கூவர் தீவும் அதற்கு வடக்கே வரும் தீவுகளும் பசிபிக் அலைகளுக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்கின்றன. அதனால்தான் சின்னப் படகுகள் போக முடிகிறது. சுவரில் இரண்டு பெரிய ஓட்டை உண்டு. கேப் காஷன் முனையைச் சுற்றும்போது ஒன்று, அலாஸ்கா எல்லையில் டிக்ஸன் என்ட்ரன்ஸ் இன்னொன்று. அந்த இரண்டு இடத்திலும் திறந்த கடலின் அலை படகைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டும்.

அலை மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறவர்கள் சீமோர் நேரோஸைப் பார்க்க வேண்டும். கேம்பெல் ரிவர் ஊருக்கு வடக்கே உள்ள ஒடுங்கிய ஜலசந்தி. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அதன் வழியாகத் தண்ணீர் 15 நாட் வேகம் வரைக்கும் பாய்கிறது. நம் படகு ஓடுவதே ஏழு நாட். எதிர்த்துப் போனால் முழு த்ராட்டிலில் பின்னோக்கிப் போவோம். கூடப் போனால் சுழலில் சுக்கான் பேச்சுக் கேட்காது. இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே தண்ணீர் சற்று நேரம் நிற்கிறது. அட்டவணையைப் பார்த்து, அதற்கு முன்பே போய்க் காத்திருந்து, அந்த இடைவெளியில் கடந்துவிட வேண்டும்.

அந்த ஜலசந்தியின் நடுவே ரிப்பிள் ராக் என்று ஒரு இரட்டைப் பாறை இருந்தது. கடல் வற்றும்போது அதன் உச்சிக்கு மேலே ஒன்பது அடித் தண்ணீர்தான் நிற்கும். நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் அது சேதப்படுத்தியோ மூழ்கடித்தோ இருக்கிறது. குறைந்தது 114 பேர் செத்திருக்கிறார்கள். கடைசியில் பக்கத்திலிருந்த மாட் தீவிலிருந்து கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, பாறைக்குள்ளேயே ஏறி, சுமார் 1,270 டன் வெடிமருந்தை நிரப்பி, 1958 ஏப்ரல் 5-ம் தேதி தகர்த்தார்கள். டெலிவிஷனில் நேரடியாகக் காட்டினார்கள். பாறை போயிற்று; நீரோட்டம் அப்படியே இருக்கிறது. ஒரு எஞ்சின்காரனாகச் சொல்கிறேன், அங்கே எஞ்சினுக்கு மரியாதை இல்லை, கடிகாரத்துக்குத்தான்.

இந்தக் காத்திருப்பு அந்தப் பெரியவருக்கு அத்துபடி. முந்தின ராத்திரியே நீரோட்ட அட்டவணை, வரைபடம், காற்று அறிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். நங்கூரம் போடுவதற்கு முன் கணக்குப் போடுவார். அலாஸ்காப் பக்கம் கடல் மட்டம் ஒரே நாளில் இருபது அடி வரை ஏறி இறங்கும். வற்றின நேரத்து ஆழத்தைப் பார்த்து சங்கிலி விட்டால், நள்ளிரவில் ஏறின தண்ணீரில் நங்கூரம் பிடி விட்டுவிடும். தண்ணீருக்குள் செங்குத்தாக மிதக்கும் மரக்கட்டைகளைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பார். மரம் வெட்டும் தொழில் நடக்கும் கரை அது. ஒரு கட்டை ப்ரொப்பெல்லரில் சிக்கினால் பயணம் முடிந்தது. நல்ல மாலுமி. நான் குறை சொல்ல அவரிடம் எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர.

எல்லாமே அவர் தலைக்குள்தான் இருந்தது.

அந்த அம்மாள் சமைத்தார்கள். கயிறு சுருட்டினார்கள். ஜெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் எழுபத்தொரு வயதில் கையில் கயிற்றோடு படகின் ஓரத்தில் நின்று, மூன்றடி இடைவெளியைப் பார்த்து, தாவலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "இப்போ, இப்போ!" என்று கத்துவார். ஒவ்வொரு துறையிலும் இதே காட்சிதான். பக்கத்துப் படகிலும் ஐயா உள்ளே, அம்மா வெளியே. கத்தாமல் பேசிக்கொள்ள தலையில் மாட்டும் மைக் செட் விற்கிறார்கள். அதற்குப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயரே 'கல்யாணத்தைக் காப்பாற்றுவது'.

யோசித்துப் பாருங்கள், இது தலைகீழ். சுக்கானையும் த்ராட்டிலையும் இயக்க வலு வேண்டாம், இரண்டு விரல் போதும். நிதானம்தான் வேண்டும். வலு வேண்டியது கயிற்றை இழுக்க, பதினைந்து டன் படகைக் காற்றுக்கு எதிராகப் பிடித்து நிறுத்த. உடம்பில் தெம்பு உள்ளவர் வெளியே நிற்கட்டும், மற்றவர் உள்ளே நிற்கட்டும் என்பதுதான் நியாயமான ஏற்பாடு. ஆனால் சுக்கான் என்பது நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை.

கேப் காஷனைத் தாண்டி ஒரு சின்னக் குடாவில் தங்கியிருந்தோம். வேறு படகு ஒன்றுகூட இல்லை. காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தலை சுற்றல், வாந்தி. கண்ணைத் திறந்தால் அறை சுழல்கிறது என்றார். மலைகளுக்கு நடுவே செல்போன் சிக்னல் கிடையாது. பெல்லா பெல்லா என்ற ஊரில் சிறிய ஆஸ்பத்திரி உண்டு. எங்கள் வேகத்தில் அரை நாள் ஓட்டம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓட வைக்க என்னால் முடியும். ஆனால் கீழே இருந்தவனுக்கு மேல் தட்டு வேலை வேறு உலகம். பாறைகள் நடுவே படகை ஓட்டிச் சென்றதில்லை. அந்த அம்மாளுக்கு நங்கூரம் தூக்கும் மோட்டாரின் சுவிட்ச் எங்கே என்று தெரியும், எந்த வரிசையில் அழுத்துவது என்று தெரியாது. வயர்லெஸ்ஸில் 16-ம் சேனல் என்பது தெரியும். நாம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தத் திரையில் படிப்பது என்பதைப் படுக்கையில் கிடந்தவரிடம் கேட்டார்கள். அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அவருக்குச் சரியாயிற்று. பொல்லாத தலைசுற்றல், அவ்வளவுதான். இரண்டு நாளும் காற்று அடிக்கவில்லை. அடித்திருந்தால், அந்த நங்கூரம் இழுபட்டிருந்தால், மூன்று கிழடுகளும் என்ன செய்திருப்போம் என்பதைத்தான் அந்த இரண்டு ராத்திரியும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தலைசுற்றலாவது படுக்கையில் வந்தது. அதுவே தட்டில் நிற்கும்போது வந்து, அவர் தண்ணீரில் விழுந்திருந்தால்? அந்தக் கடல் கோடையிலும் பல இடங்களில் பத்து டிகிரி அளவுதான். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த நீரைப் பற்றி ஒரு சுலபக் கணக்கைப் பரப்பினார்: 1-10-1. மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிஷம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். ஆக, கயிற்றைப் பிடித்து ஏற அவருக்கு இருப்பது பத்து நிமிஷம். அதற்குள் படகை நிறுத்தி, திருப்பி, ப்ரொப்பெல்லர் அவர் காலை வெட்டாமல் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் நிற்க வேண்டியவர், சமையல் மேடையருகே நிற்கும் அந்த அம்மாள்.

பெண்களால் முடியாது என்று யாராவது சொன்னால், இதே கடலில் நடந்த கதையைச் சொல்வேன். எம். வைலி பிளான்செட் என்ற அம்மையார் வான்கூவர் தீவில் குடியிருந்தவர். ஐந்து குழந்தைகள். 1920-களின் பிற்பாதியில் ஒரு நாள் கணவர் குடும்பத்தின் சின்ன மோட்டார் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. இன்னொரு குடும்பமாக இருந்தால் அந்தப் படகை மறுவாரமே விற்றிருப்பார்கள். அந்த அம்மையார் கோடையில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஐந்து பிள்ளைகளையும் அதே படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஒரு கோடை இல்லை, பல வருஷம். படகின் பெயர் கப்ரீஸ். நீளம் 25 அடி, அகலம் ஆறரை அடி. அதற்குள் ஆறு பேர்! எஞ்சின் பழுதையும் அவரே பார்த்தார். ராடார் கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. ரிப்பிள் ராக் அப்போது இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பயணங்களை எழுதிய 'தி கர்வ் ஆஃப் டைம்' 1961-ல் வந்தது. அந்த வருஷமே அவர் காலமானார். அந்தக் கரையில் படகு வைத்திருக்கும் பலரின் அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கிறது. என்னை அழைத்துப் போனவர் படகிலும் இருந்தது, சமையல் புத்தகங்களுக்குப் பக்கத்தில்.

சட்டமாவது கட்டாயப்படுத்துகிறதா? வாஷிங்டன் மாநிலத்தில் 15 குதிரைசக்தியோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்ட பாடம் படித்து அட்டை வாங்க வேண்டும். ஆனால் 1955 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு விலக்கு! இருபது வயதுப் பையன் பரீட்சை எழுத வேண்டும். எழுபத்தொரு வயது அம்மாள் எழுத வேண்டாம். இதை மரியாதை என்கிறார்கள். எனக்கு இது கைகழுவலாகத் தெரிகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தன்னார்வத் துணைப்பிரிவு நடத்தும் ஒரு சிறிய வகுப்பு உண்டு, 'திடீரென்று பொறுப்பு உங்கள் கையில்' என்கிற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் சாய்ந்துவிட்டால் கூட இருப்பவர் என்ன செய்வது என்பதுதான் பாடம். அப்படி ஒரு வகுப்பு தேவைப்படுகிறது என்பதே எத்தனை படகுகளின் நிலைமையைச் சொல்கிறது!

எதிர்த்தரப்பும் உண்டு, மறைக்கவில்லை. அந்த அம்மாளிடமே கேட்டேன். "நாற்பது வருஷம் ஸ்கூல் டீச்சராகப் பொறுப்பு சுமந்தேன். இங்கேயாவது சும்மா உட்கார்ந்து மலையைப் பார்க்க விடுங்கள்," என்றார்கள். நியாயமான ஆசை. பெரியவரோ, "அவளுக்கு ஆர்வம் இல்லை, நான் என்ன செய்ய?" என்றார். இதில் பாதிதான் உண்மை. குடாவிலிருந்து கிளம்பின பிறகு தினமும் ஒரு மணி நேரம் அவர்கள் சுக்கானைப் பிடித்தார்கள். பிடித்த ஒவ்வொரு நிமிஷமும் இவர் பின்னால் நின்று, "இடது, இடது, கொஞ்சம், போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆர்வம் எப்படி வரும்? மூன்றாம் நாள் நான் அவரை எஞ்சின் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஃபில்டர் மாற்றலாம் என்று முக்கால் மணி நேரம் கீழேயே வைத்துக்கொண்டேன். ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது.

நம் வீடுகளில் படகு இல்லை. ஆனால் பாங்க் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்? டெபாசிட் ரசீது எந்த பீரோவில், நாமினி யார், சம்ப் மோட்டாருக்கு எந்த வால்வைத் திறப்பது, வருமான வரிக்கு யாரைப் பார்ப்பது? நான் ஊர் திரும்பி இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னபோது அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும், நம்ம இன்வர்ட்டர் கத்தினா எந்த பட்டனை அமுக்கணும்?" என்றாள். அன்று சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தேன். இருபத்திரண்டு பக்கம் எழுதியாகிவிட்டது, இன்னும் முடியவில்லை.

பிரின்ஸ் ரூபர்ட் துறையில் அந்த அம்மாள்தான் படகைக் கட்டினார்கள். முதல் தடவை காற்று தள்ளிவிட்டது. பின்வாங்கி, சுற்றி வந்து, இரண்டாம் தடவை மெதுவாகச் சேர்த்தார்கள். பெரியவர் வெளியே கயிற்றோடு நின்றார், வாயைத் திறக்காமல். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது பின்னங்கழுத்திலேயே தெரிந்தது. வீல்ஹவுஸில் இப்போது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: எஞ்சின் ஸ்டார்ட், நங்கூரம், வயர்லெஸ், நிற்கும் இடத்தைப் படிப்பது எப்படி என்று வரிசையாக. அவர் டைப் செய்து கொடுத்ததை அந்த அம்மாள் கிழித்துப் போட்டுவிட்டு, தனக்குப் புரிகிற வார்த்தைகளில் தானே எழுதியது. அடுத்த கோடையில் கேப் காஷனைத் தான் தாண்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கீழே ஃபில்டர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.