அலுமினியம் என்று மட்டும் தேடாதீர்கள்!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரும்பும் பித்தளையும் பழகிய ஊர் இது. இங்கே பட்டறை வைத்திருப்பவர், எடை குறைந்த உலோகத்தில் ஒரு கைப்பிடியோ சட்டமோ செய்ய நினைத்தால் இன்டர்நெட்டில்தான் விவரம் தேடுவார். "அலுமினியத்தின் வலிமை" என்று டைப் செய்து, முதலில் வரும் எண்ணைக் குறித்துக் கொள்வார். இது ஆபத்தான பழக்கம் என்பேன்.

எடையில் குழப்பமில்லை. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் சுமார் 2.7 கிராம், எஃகு சுமார் 7.85 கிராம். வலிமை அப்படியல்ல. 6061 என்ற அலுமினியக் கலவையைப் பாருங்கள். மென்மையான 'ஓ' நிலையில், சுமார் 55 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். வெப்பத்தால் பதப்படுத்திய 'டி6' நிலையில் சுமார் 275 வரை தாங்கும். ஐந்து மடங்கு வித்தியாசம்! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனவே கலவை எண், பதநிலை, "டேட்டா ஷீட்" மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். அமெரிக்கத் தளங்களில் அலுமினியத்தின் ஆங்கில ஸ்பெல்லிங்கில் 'என்' எழுத்துக்கு அடுத்த 'ஐ' இருக்காது. அப்படியும் தேடிப் பாருங்கள். மேட்வெப் தளத்தில் இந்த விவரங்களை இலவசமாகவே பார்க்கலாம். யூனிட்டையும் கவனியுங்கள்: 1 மெகாபாஸ்கல் என்பது சுமார் 145 பிஎஸ்ஐ.

கடைசியாக ஒன்று. திரையில் தெரிவது 6061-டி6-இன் எண். நீங்கள் வாங்கும் கம்பி அதுதானா என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. கடைக்காரரிடம் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள்.