கருகியதை மாற்றினோம், ஏன் கருகியது என்று கேட்கவில்லை



"கார் என்னாச்சு சார்?" என்று போனில் கேட்டவர்களுக்கெல்லாம் "சரியாகிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். முழுவதையும் எழுத வேண்டும் என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும், ஒர்க்‌ஷாப் நடத்தும் என் மாணவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

இடது முழங்கால் வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால், 2011 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். 1,40,000 கிலோமீட்டர் தாண்டியதும் மூன்றாவது கியரில் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. இன்ஜின் உறுமும், வண்டி மட்டும் வேகம் எடுக்காது. அத்தனை தூரம் ஓடிய கியர்பாக்ஸ், வயதாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டேன். பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் இறக்கி, புது கிளட்ச் பிளேட், புது சீல், புது ஃபில்டர் எல்லாம் போட்டு ஓவர்ஹால் செய்தார்கள். 72,000 ரூபாய்.

2,300 கிலோமீட்டர் ஓடியது. மறுபடியும் அதே ஸ்லிப்.

முதலாளி திறந்து காட்டினார். புதிதாகப் போட்ட பிளேட்டுகள் தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தன. "சார், பையன் பிளேட்ட ஆயில்ல ஊறப்போடாம மாட்டிட்டான். அதான் கருகிடுச்சு" என்றார். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தலையைக் குனிந்து நின்றான். "வேலையில கவனம் வேணும் தம்பி" என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். அடுத்த முறை போனபோது அவன் அங்கே இல்லை. நிறுத்திவிட்டார்களாம். புதுப் பிளேட்டுகளுக்கும் கூலிக்கும் இன்னொரு 21,000 கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பின் 900 கிலோமீட்டர் கூட ஆகவில்லை. போடிமெட்டு மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், இன்ஜின் அலற வண்டி அப்படியே நின்றது. நின்றதோடு விடவில்லை, பின்னால் உருள ஆரம்பித்தது. உள்ளே என் மனைவி, பேத்தி. பின்னால் ஒரு லாரி. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். லாரி டிரைவர் குதித்து ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அந்த மனிதரின் பெயரைக் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கை கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

வண்டியைக் கட்டி இழுத்து மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே என் பழைய மாணவன் ஒருவன் கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்கிறான். அவன் முதலில் சொன்ன வார்த்தையே எனக்குப் பாடமாக இருந்தது. "உடனே இறக்க வேணாம் சார். முதல்ல அளந்து பார்ப்போம்."

அவன் எதை அளந்தான் என்று புரிய, கியர்பாக்ஸுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய வகைக்கு. இப்போது நிறைய வண்டிகளில் வருகிற ஏஎம்டி வேறு. அதற்குள் இருப்பது சாதாரண கிளட்ச்தான்.

இந்த வகையில் உங்கள் காலுக்குப் பதில் ஆயில்தான் கிளட்சை மிதிக்கிறது. இன்ஜின் ஓடும்போது உள்ளே ஒரு பம்ப் சுற்றும். அது அடியில் இருக்கும் ஆயிலை ஃபில்டர் வழியாக உறிஞ்சி அழுத்தத்தோடு தள்ளும். ஒரு வால்வு அந்த அழுத்தத்தைத் தேவையான அளவில் வைத்திருக்கும். அந்த அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பிளேட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பது பிசின் ஏற்றிய ஒருவகைக் காகிதம்தான் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டீர்கள். இறுக்கிப் பிடித்திருக்கும் வரை அது பல்லாண்டு உழைக்கும். வழுக்க ஆரம்பித்தால் சூட்டில் கருகிவிடும்.

வகுப்பில் உங்களுக்குப் பாஸ்கல் விதி நடத்தினேனே, அது இங்கேதான் வேலை செய்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பிஸ்டனின் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். ஆயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. தள்ளும் விசை 600 கிலோ. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் அதில் 80 கிலோவைத் தின்றுவிடும். மிச்சம் 520. இப்போது அழுத்தம் பாதியாகி 5 ஆனால்? 300 கிலோ. ஸ்பிரிங் அதே 80 கிலோவைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 220. அழுத்தம் பாதியானால் பிடி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சமதரையில் சமாளிக்கும், ஏற்றத்தில் கைவிட்டுவிடும். எனக்கு நடந்தது அதேதான்.

ஆக, பிளேட் கருகுவது காய்ச்சல் மாதிரி. காய்ச்சலுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். என் கருத்து இதுதான்: ஓவர்ஹால் செய்த கியர்பாக்ஸ் மறுபடி ஸ்லிப் ஆனால், ஆயில் அழுத்தத்தை அளக்காமல் அதைக் கழற்றுவது தவறு. வைத்தியம் அளவெடுப்பதில் தொடங்க வேண்டும்.

பையன் (எனக்கு இன்னும் பையன்தான், அவனுக்கே நாற்பது நெருங்குகிறது) முதலில் ஆயில் மட்டத்தைப் பார்த்தான். குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் ஆபத்து. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். மட்டம் சரியாகவே இருந்தது. ஆனால் குச்சியில் ஒட்டிய ஆயிலில் பொடிப்பொடியாகக் குமிழிகள். அதைக் குறித்துக்கொண்டான்.

அடுத்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இதற்கென்றே இருக்கும் அடைப்பானைக் கழற்றி, குழாயோடு ஒரு கேஜை மாட்டினான். ஆயில் சூடேறிய பிறகு, ஐடிலிங்கில் டி-யில் வைத்துப் பார்த்தால் சுமார் 4 கிலோ வர வேண்டிய இடத்தில் 2.5. ரிவர்ஸிலும் குறைவு. பிறகு பிரேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தும் ஸ்டால் சோதனை. இதை ஐந்து விநாடிக்கு மேல் செய்யக் கூடாது. வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். 9 வர வேண்டியது 5-ஐத் தாண்டவில்லை. முள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவன் விளக்கியதை ஒரு வாத்தியாராக ரசித்தேன். "சார், ஒரு கியர்ல மட்டும் அழுத்தம் கொறஞ்சா, அந்த கிளட்சுக்குப் போற வழியிலதான் ஒழுகுது, பிஸ்டன் சீலோ வளையமோ போயிருக்கும். எல்லாத்துலயும் கொறஞ்சா, எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல கோளாறு. பம்ப், அழுத்த வால்வு, இல்லேன்னா ஆயில் உறிஞ்சுற வழி. அழுத்தம் சரியா இருந்தும் ஸ்லிப் ஆனாத்தான் பிளேட்டயும் இடைவெளியயும் சந்தேகப்படணும். இங்க எல்லாத்துலயும் கொறையுது. முள்ளும் ஆடுது, குமிழியும் இருக்கு. பம்ப் ஆயிலோட காத்தையும் சேத்து உறிஞ்சுது சார்."

காற்று நசுங்கும், ஆயில் நசுங்காது. காற்று கலந்த ஆயிலால் பிஸ்டனைத் தள்ளுவது பஞ்சு மெத்தையை வைத்துக் கதவைத் தள்ளுவது போல.

எண்ணெய்த் தட்டைக் கழற்றி ஃபில்டரை இழுத்தான். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழைய ஃபில்டரின் வளையம் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. அதை எடுக்காமலேயே இரண்டு முறையும் புது ஃபில்டரை அழுத்தி மாட்டியிருக்கிறார்கள். புது வளையம் உட்கார இடமில்லாமல் ஓரம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் காற்று போயிருக்கிறது. 93,000 ரூபாயையும் மூன்று உயிரையும் ஆட்டிப் பார்த்தது சுண்டு விரல் கனமுள்ள ரப்பர்.

கருகின பிளேட்டுக்காகக் கியர்பாக்ஸை மறுபடி திறக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் எதைச் சரிசெய்யத் திறக்கிறோம் என்று தெரிந்து திறந்தான். கூலர் குழாயில் தங்கியிருந்த கருகிய தூளைக் கழுவினான். பிளேட் இடைவெளியை அளந்தான். மூடுவதற்கு முன் ஒவ்வொரு கிளட்சுக்கும் காற்றடித்து, பிஸ்டன் நகர்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்தான். மாட்டி முடித்துக் கேஜை மறுபடி போட்டான். 4, பிறகு 9. முள் அசையாமல் நின்றது. அந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தான். காருக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

உள்ளூர் ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. "கேஜ் போட்டுப் பார்க்க ஐநூறு ரூபா கேட்டா, பார்க்கறதுக்குக் காசான்னு சண்டைக்கு வர்றாங்க சார். நாப்பதாயிரத்துக்குப் பார்ட்ஸ் போட்டா பேசாம குடுத்துட்டுப் போறாங்க. எந்த வண்டிக்கு எவ்வளவு அழுத்தம்னு புத்தகமும் எங்க கைக்கு வர்றதில்ல." உண்மைதானே? "எப்பப்பா வண்டி கிடைக்கும்?" என்று தினமும் போன் போட்டது நான். "ஏன் கருகிச்சு?" என்று ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. புதுப் பொருளுக்குக் காசு கொடுப்போம், யோசனைக்குக் கொடுக்க மாட்டோம் என்ற நம் பழக்கத்துக்கு நான் கட்டிய அபராதம் என்றே அந்தப் பணத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களே, அளப்பதற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். அளவை எழுதி வாங்குங்கள், கழற்றும் முன் ஒன்று, மாட்டிய பின் ஒன்று. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பிள்ளைகளே, கேஜ் வாங்குங்கள். கருகின பிளேட்டைக் கையில் எடுத்தால், அது கருகிய காரணம் கிடைக்கும் வரை புதுப் பிளேட் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

இனி, எழுதக் கூச்சப்பட்ட பகுதி. அந்தப் பையன்.

ஊறப்போடாத பிளேட்டாக இருந்தால் அது ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும், 2,300 கிலோமீட்டர் காத்திருக்காது என்றான் மதுரை மாணவன். ஃபில்டரையும் வால்வு பாடியையும் எப்போதும் முதலாளிதான் மாட்டுவாராம். அதை அவரே ஒப்புக்கொண்டார். அந்த வளையம் பையன் கைக்கே போகவில்லை. முப்பத்து நான்கு வருடம் பரீட்சைத்தாள் திருத்தியவன் நான். ஒரு தாளைக்கூடப் படிக்காமல் மதிப்பெண் போட்டதில்லை என்று உங்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். அன்று படிக்காமலே ஒருவனை ஃபெயிலாக்கினேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்கிறார்கள். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அவன் அம்மாவைப் பார்த்து, தவறு அவனுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாளியும் கூட வந்தார். அந்த அம்மா, "அவன் அப்பவே சொன்னான் சார், யாரும் கேக்கல" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவன் ஊருக்கு வரும்போது நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதுவரை வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்