பெரிய கமராவா, சிறிய கமராவா?

புத்தளம் மாவட்டக் கடற்கரையிலுள்ள எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றத்தார் ஒரு கமரா வாங்குவதெனத் தீர்மானித்து, எதனை வாங்குவது என்பதில் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். டீ.எஸ்.எல்.ஆர். எனப்படும் பெரிய கமராவில் தொடக்க வகையொன்றை வாங்கவேண்டும் என்பது ஒரு கட்சி. சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கமராவே போதும் என்பது மற்றக் கட்சி. இலக்கணம் கற்பிக்கும் பண்டிதருக்கு இதிலே என்ன வேலை என்று விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வினவினார். வினவியது நியாயமே. ஆயினும் கமரா வாங்குவது ஊரில் எஞ்சியுள்ள பழைய எழுத்துக்களைப் படியெடுப்பதற்காக. எழுத்து என்று வந்தபின் பண்டிதன் வாய் திறவாதிருத்தல் எங்ஙனம்? நான் சிறிய கமராவின் கட்சி. அதன் காரணங்களை இப்பத்திரிகையின் வாசகர்களாகிய ஆசிரியர்களும் மாணவர்களும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகிறேன். ஏனைய ஊர்ப் பாடசாலைகளிலும் இவ்வினா எழுந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

எதனைப் படியெடுக்கப் போகிறோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலாக 1859 இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி எங்கள் கடற்கரையார். 1807 இல் கற்பிட்டியிற் பிறந்தவர். தமக்கு முன்னிருந்தோரைப் பற்றிக் கேட்டதையும் கற்றதையும் அவர் எழுதிவைத்தமையால் அவருடைய பெயர் இன்றும் நிற்கிறது. அத்தகையவர் பிறந்த மண்ணில் இன்று என்ன எஞ்சியிருக்கிறது என்று வீடு வீடாகச் சென்று கேட்டால், ஏட்டுச் சுவடி என்று கையில் எடுத்துத் தருவார் அரியர். கிடைப்பன பெரும்பாலும் கடதாசி. கோயிற் கணக்குப் புத்தகம், வில்லுப்பாட்டுக் கொப்பி, பள்ளிவாசற் பதிவேடு, அரபுத் தமிழில் எழுதிய பாட்டுக் கட்டு, கப்பலேறிய மகன் தாய்க்கு எழுதிய கடிதம், இவையே எமக்குக் கிடைக்கும் செல்வம். உப்புக் காற்றினால் மை படர்ந்தும், இராமபாணப் பூச்சி துளைத்தும், ஓரம் பொடிந்தும் இருப்பவை இவை.

உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களை அன்பர்கள் அறிவர். ஒருவர் எடுத்துக்கொடுக்க, வடத்தைப் பற்றி நிற்போர் எல்லோரும் ஏற்றுப் பாடுவர். பாட்டின் தாளமே இழுப்பின் தாளம். உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி வலையை இழுக்கத் தொடங்கியபின் அந்தத் தாளத்துக்குத் தேவை குறைந்துவிட்டது. தேவை குறைந்தபின் நினைவு எத்தனை நாள் நிற்கும்? வடம் பிடித்த பெரியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவித்த கொப்பியொன்று, அப்பாட்டு இருந்ததற்கு ஓரோர் ஊரிலும் எஞ்சும் சாட்சியாகி விடுகிறது. அந்தக் கொப்பி கறையானுக்கு இரையானால் சாட்சியும் போயிற்று.

இன்னொன்றையும் நினைத்தல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். கையில் எடுத்தது போக மற்றெல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ‘உங்கள் வீட்டிற் பழைய கடதாசி உண்டா’ என்று கேட்டால், ‘இருந்தது சேர்’ என்ற இறந்தகால விடையே பல பிள்ளைகளிடமிருந்து வரும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். வீட்டுப் பெட்டிக்குள் இருந்து அழிந்தவற்றுக்கு மேடையும் இல்லை, கணக்கும் இல்லை. ஒரு கொப்பிக்குப் படியொன்று வேறிடத்தில் இருந்தால் வீடு போனாலும் எழுத்துப் போகாது. இந்த ஒரு பயனுக்காகத்தான் கமரா.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். டீ.எஸ்.எல்.ஆர். என்னும் நான்கு எழுத்தை மாணவர்கள் மந்திரம்போலச் சொல்லுகிறார்கள். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். ஈற்றெழுத்து ‘ரிஃப்ளெக்ஸ்’ என்பதைக் குறிக்கும். வில்லையினூடாக வரும் ஒளியைச் சாய்வாக நிறுத்திய கண்ணாடியொன்று மேலே தெறிக்கச் செய்து, நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழுந்து வழிவிட, ஒளி பின்னாலுள்ள உணரியிற் படும். ‘டக்’ என்று கேட்கும் அந்த ஓசை கண்ணாடி எழுந்து விழும் ஓசை. சிறிய கமராவில் இக்கண்ணாடி கிடையாது. ஒளி நேரே உணரியிற் பட, அது காண்பதைப் பின்புறத் திரையில் நாமும் காண்கிறோம். தெறிக்கண்ணாடிக் கமரா என்று தமிழிற் சொன்னால் என்ன என்று கேட்டேன். ஒருவரும் ஏற்கவில்லை. போகட்டும்.

உண்மையான வேற்றுமை உணரியின் பரப்பிலே உள்ளது. 2018 இல் வெளிவந்த நிக்கோன் டீ3500 போன்ற தொடக்க வகைப் பெரிய கமராவில் உணரி ஏறத்தாழ 23.5 மில்லிமீற்றர் நீளமும் 15.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது. சாதாரணச் சிறிய கமராவில் அது 6.2 இற்கு 4.6 அளவே. பெருக்கிப் பார்த்தால் முன்னது பின்னதைப்போல் பதின்மூன்று மடங்கு. பரப்பு மிகுந்தால் ஏற்கும் ஒளி மிகும். இருட்டிலும் படம் தெளியும். உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலிற் பூமிதிப்பை இரவிற் படம்பிடிக்க விரும்புவோர்க்குச் சிறிய கமரா உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கற்பிட்டிக் கடலில் நவம்பர் முதல் மார்ச் வரை துள்ளும் ஓங்கில்களைப் படகிலிருந்து பிடிப்பதற்கும் பெரியதே வேண்டும். சிறியது இலக்கைக் கூர்மைப்படுத்தி முடிப்பதற்குள் ஓங்கில் நீருக்குள் இருக்கும்.

ஆனால் கொப்பி துள்ளுவதில்லை. அதனை இரவிலே படம்பிடிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு விறாந்தையில் நேர்வெயில் படாத இடத்தில் வைத்தால், இக்கடற்கரையில் ஒளிக்கா பஞ்சம்? பெரிய உணரியின் முதன்மையான சிறப்பு எதுவோ அது எம் வேலைக்கு வேண்டாத சிறப்பு.

அடுத்தது நுணுக்கம். ஆவணங்களைப் படியெடுப்போர் ஓர் அங்குலத்துக்கு முந்நூறு படப்புள்ளிகள் வேண்டும் என்பதைப் பொதுவான அளவாகக் கொள்வர். ‘ஏ4’ கடதாசியின் நீளம் 11.7 அங்குலம். பதினாறு மெகாபிக்சல் சிறிய கமராவின் படம் நீளவாக்கில் 4,608 புள்ளிகள் உடையது. வகுத்துப் பார்க்க, அங்குலத்துக்கு 390 இற்கு மேல் வருகிறது. ஓரத்திற் சிறிது இடம் விட்டாலும் முந்நூற்றுக்குக் குறையாது. மாணவர் கொப்பி ‘ஏ4’ இலும் சிறியது. ஏட்டுச் சுவடியானால் கதை வேறு. பதினெட்டு அங்குல ஓலையை ஒரே படத்தில் அடக்கினால் சிறிய கமராவில் அங்குலத்துக்கு 256 புள்ளிகளே கிடைக்கும்; 6,000 புள்ளி நீளமுள்ள பெரிய கமராவில் 333 கிடைக்கும். ஓலையே பெருகக் கிடைக்கும் ஊராயின் நான் மறுகட்சிக்குப் போயிருப்பேன். எமக்கு ஓர் ஓலைக் கட்டு அகப்படுமாயின் இரண்டு பாதியாக எடுத்து இணைத்துக்கொள்ளலாம், அல்லது பெரிய கமரா உடையவரை ஒருநாள் அழைக்கலாம்.

விஞ்ஞான ஆசிரியர் வலிமையான சான்றொன்றைக் கொணர்ந்தார். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கென இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் திட்டத்தார், வில்லை மாற்றத்தக்க பெரிய கமராவையே வேண்டுகின்றனர். படத்தை ‘றோ’ என்னும் மூல வடிவிலே எடுக்கவும் சொல்லுகின்றனர். உண்மைதான். அவர்கள் நூறாண்டு கழிந்தும் நிற்கவேண்டிய படியை நாடுகிறார்கள். பயிற்சி பெற்றவரையும் பணத்தையும் அதற்கென ஒதுக்குகிறார்கள். அவ்வகைக் குழுவொன்று எங்கள் ஊருக்கு வருமாயின் மாலையிட்டு வரவேற்பேன். வரும்வரை இராமபாணப் பூச்சி காத்திருக்குமா? வாசிக்கத்தக்க படி இன்று கிடைப்பது, சிறந்த படி என்றோ கிடைப்பதினும் மேல் என்பது என் துணிபு.

மூன்றாங் கட்சியும் ஒன்று முளைத்தது. கைத்தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு என்பது அது. தொலைபேசிப் படம் இன்று மிகச் சிறந்ததே. ஆயினும் தொலைபேசி ஆளுக்கு உரியது, மன்றத்துக்கு உரியதன்று. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் படங்களும் கூடப் போகும். கொப்பியை அருகில் வைத்து அகன்ற வில்லையால் எடுக்கும்போது பக்கத்தின் ஓரங்கள் வளைந்து தோன்றுவதும் உண்டு. வகுப்பிலே மாணவர் கையிற் தொலைபேசி இருப்பதை விரும்பாத நாமே, மன்ற வேலைக்கு மட்டும் கொண்டுவா என்றால் மற்ற ஆறு நாளும் யார் காவல்?

பெரிய கமராவைப் பற்றி எனக்குள்ள பெரிய ஐயம் அதன் விலையினால் எழுவது. விலையுயர்ந்த பொருள் பாடசாலைக்கு வந்தவுடன் அலுமாரிக்குள் போகும். நான் அறிந்த பாடசாலையொன்றிலே பரிசளிப்பு விழாவுக்கென வாங்கிய பெரிய கமராவை, விழா முடிந்ததும் பூட்டி வைத்தனர். இரண்டாண்டின் பின் திறந்தபோது வில்லையின் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஈரமும் உப்பும் கலந்த காற்றில், இருட்டிலே பூட்டி வைத்த எந்த வில்லைக்கும் நேரக்கூடியது அது. வெளியே எடுத்துப் பயன்படுத்தும் வில்லை பெரும்பாலும் தப்பும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலமும் இறுக மூடும் பிளாஸ்திக் பெட்டியும் எந்தக் கமராவுக்கும் வேண்டும். சிறிய கமராவுக்கும் ஒரு பகை உண்டு, அது கடற்கரை மணல். முன்னுக்கு நீளும் அதன் வில்லைக் குழலுக்குள் மணல் புகுந்தால் அது திரும்ப உள்ளே போகாது. ஆகையால் வாடிப் பக்கம் கொண்டுபோவோர் பையிலிட்டே கொண்டுபோகவேண்டும்.

பெரிய கமராவைக் கண்டால் எம் ஊர்ப் பெரியோர் சட்டை மாற்றப் போய்விடுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பத்திரிகைக்காரர் வந்துவிட்டார் என்ற எண்ணம். சிறியதைக் கண்டால் பிள்ளையின் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டு பெட்டியைத் திறக்கிறார்கள்.

பாட்டை ஒலியோடு பதிவு செய்வதற்காவது பெரியது வேண்டாமா என்று கேட்பார் உளர். நான் விசாரித்தறிந்த அளவில், மேற்சொன்ன நிக்கோனிலும் அதே ஆண்டு வந்த கனன் 2000டீ இலும் புற ஒலிவாங்கியைச் செருகும் துளையே இல்லை. தென்மேற்குக் காற்று வீசும் கரையில் இரண்டும் காற்றின் இரைச்சலையே பதிவு செய்யும். அம்பாவுக்குத் தனியான ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்குதல் வேண்டும். பெரியதை விடுத்துச் சிறியதை வாங்கினால் மிஞ்சும் பணம் அதற்கு உதவும். நல்ல முக்காலி ஒன்றுக்கும் உதவும். முக்காலியில்லாத பெரிய கமராவைக் காட்டிலும் முக்காலியுள்ள சிறிய கமரா எழுத்தைத் தெளிவாகக் காட்டும். டீ3500 இன் உற்பத்தியை நிக்கோன் நிறுத்திவிட்டது. பெரியதை வாங்குவோரும் பழையதைத் தேட நேரும். சிறிய கமராவும் முன்போல் கடை நிறையக் கிடைப்பதன்று. இளைஞர் பழையவற்றைத் தேடி அணிகலன்போல் கழுத்தில் மாட்டத் தொடங்கியபின் அவற்றுக்கும் விலை ஏறுகிறது என்று கொழும்பிலுள்ள மாணவர் ஒருவர் எழுதினார். வாங்குவதாயின் காலந் தாழ்த்தாமை நன்று.

செய்முறை கடினமன்று. பிளாஷ் வெளிச்சத்தை நிறுத்திவிடுக. அது படத்தில் எழுத்தை வெளிறக் காட்டும். கமராவை முக்காலியில் இருத்திச் சற்று மேலே தூக்கி, வில்லையைச் சிறிது நீட்டி எடுத்தால் ஓரம் வளையாது. விரல் அழுத்தும் நடுக்கம் படாதிருக்க இரண்டு விநாடித் தாமதத்தைப் பயன்படுத்துக. பக்கத்தின் அருகே அடிமட்டம் ஒன்றை வைத்தால் பின்வருவோர் அளவறிவர். கொப்பியை அதன் வீட்டிலேயே படம்பிடித்து, அவ்விடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். ‘நாளை தருகிறேன்’ என்று வாங்கிப்போன கொப்பிகள் எத்தனை திரும்பாதிருக்கின்றன என்பதை எல்லோரும் அறிவர். யாருடையது, எந்த ஊர், யார் எழுதியது என்ற குறிப்பை அன்றைக்கே எழுதிச் சேர்க்க வேண்டும். உடையவர் சம்மதித்தால் ஒரு படியை, 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் கொடுக்கலாம். சம்மதியாவிட்டால் அவர் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு படியும் மன்றத்தில் ஒரு படியுமாக இருக்கட்டும்.

மன்றக் கூட்டம் வரும் சனிக்கிழமை. சிறிய கமரா இரண்டு, முக்காலி ஒன்று, ஒலிப்பதிவுக் கருவி ஒன்று என்று என் பிரேரணையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எக்கட்சி வென்றாலும் அலுமாரித் திறப்பு பத்தாந் தர மாணவி ஒருத்தியிடம் இருக்கவேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்துள்ளேன். கமராவைப் பற்றிய பகுதிக்கு அதிபர் தலையசைத்தார். திறப்பைப் பற்றிய பகுதிக்கு இன்னும் விடை தரவில்லை.