நடுவில் நடந்தனவா குட்டிகள்?

ஓநாய்களைக் கண்டால் வடதுருவக் கஸ்தூரி எருதுகள், கன்றுகளை உள்ளே நிறுத்திக் கொம்புகளை வெளியே காட்டி வளையமாய் நின்றுவிடும். (துப்பாக்கி வேடனுக்கு இதனினும் எளிய குறி வேறில்லை என்பது வேறு கதை.) டைனோசார்களும் இவ்வாறே குட்டிகளைக் காத்தனவா?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் பாறையொன்றில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த 23 நெடுங்கழுத்து டைனோசார்களின் அடித்தடங்கள் உள்ளன. பெரியவை சுற்றிலும், சிறியவை நடுவிலுமாய் நடந்தன என்று 1968இல் ராபர்ட் பேக்கர் எழுதினார். பிள்ளை பெற்றவர்களாகிய நமக்கும் அதை நம்ப ஆசைதான். ஆயினும் மார்ட்டின் லாக்லி பின்னர் அத்தடங்களை நுணுகி ஆராய்ந்தார். பெரிய அடிகளின்மேல் சிறிய அடிகள் மிதித்திருந்தன. பெரியவை முன் சென்றன, சிறியவை பின்தொடர்ந்தன. கூட்டமாய்ச் சென்றது மெய்யே; காவல் வளையத்திற்கோ அப்பாறையில் சான்றில்லை.